ஆறாவது ஓட்டம்



குறுவட்ட விளையாட்டுப் போட்டியில் நம்ம பள்ளியின் கோ-கோ அணி இரண்டு புள்ளியில் தோற்றது எல்லோருக்கும் தெரியும். யாரால் தோற்றது என்பதும் தெரியும். என்னால்தான். முதல் தடவை துரத்தும்போது நான் மூன்று பேரைத் தொட்டேன். எல்லாரும் கை தட்டினீங்க. இரண்டாவது தடவை துரத்தும்போது முதுகில் தட்டி ‘கோ’ கொடுத்தார்கள். எழுந்தேன். கால் வரவில்லை. கைக்கு எட்டுற தூரத்தில் போன பொண்ணைத் தொட முடியல. அப்போ கூட்டத்தில் யாரோ, “நடிக்கிறா பாரு” என்று கத்தினாங்க. அன்று ராத்திரி தூங்கும் வரைக்கும் அந்தச் சொல்தான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் நடிக்கவில்லை. ஆனால் என் கால் ஏன் வரவில்லை என்று எனக்கும் அன்று தெரியாது. பி.இ.டி. சாரிடம் கேட்டேன், அறிவியல் டீச்சரிடம் கேட்டேன், புத்தகங்களிலும் தேடினேன். தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். முழு வேகத்தில் ஒரு தடவை ஓடுவது வேறு. திரும்பத் திரும்ப முழு வேகத்தில் ஓடுவது வேறு. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

சாரின் சோதனை

கோ-கோ விளையாட்டில் உட்காருகிறோம், எழுந்து சில வினாடி பறக்கிறோம், மறுபடி உட்காருகிறோம், மறுபடி பறக்கிறோம். கபடியிலும் இப்படித்தான். அதனால் சார் ஒரு சோதனை சொன்னார். மைதானத்தில் 60 மீட்டருக்குக் கோடு போடணும். ஆறு தடவை முழு வேகத்தில் ஓடணும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவில் 30 வினாடிதான் ஓய்வு. ‘கடைசிக்கு இருக்கட்டும்’ என்று மிச்சம் பிடிச்சு ஓடினால் சோதனை செல்லாது.

நானும், கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் என் தோழியும் ஓடினோம். சார் ஸ்டாப் வாட்ச்சில் பார்த்துச் சொன்ன நேரம் (வினாடியில்):

நான்: 9.4 – 9.6 – 10.0 – 10.4 – 10.9 – 11.2. மொத்தம் 61.5
தோழி: 9.9 – 10.0 – 10.1 – 10.3 – 10.4 – 10.6. மொத்தம் 61.3

முதல் ஓட்டத்தில் நான் அரை வினாடி முந்தினேன். நாலாவது ஓட்டத்திலேயே அவள் முந்திவிட்டாள். ஆறும் சேர்த்துப் பார்த்தால் அவள்தான் முதல்.

இதில் ஒரு கணக்கு இருக்கு. நீங்களும் போடலாம். ஆறு தடவையும் என் சிறந்த வேகத்திலேயே ஓடியிருந்தால் 9.4 × 6 = 56.4 வினாடி ஆகியிருக்கும். ஆனால் 61.5 ஆனது. அதிகமானது 5.1 வினாடி, அதாவது ஏறக்குறைய 9 சதவீதம். தோழிக்கு 9.9 × 6 = 59.4. அவளுக்கு அதிகமானது 1.9 வினாடி, 3 சதவீதம்தான். இந்தச் சதவீதம் குறைவாக இருந்தால் உடம்பு சீக்கிரம் மீள்கிறது என்று பொருள். நான் வேகமான பொண்ணுதான். ஆனால் மீளத் தெரியாத பொண்ணு.

காசு, உண்டியல், கைமாற்று, கூலி

தசை சுருங்குவதற்கு ஏடிபி என்ற பொருள் வேண்டும். இதைத்தான் செல்லின் ஆற்றல் நாணயம் என்று பாடத்தில் படிக்கிறோம். நாணயம் என்று சொன்னதால் நான் வீட்டுச் செலவு மாதிரியே நினைத்துப் பார்த்தேன். சுலபமாகப் புரிந்தது.

1. கையில் இருக்கும் காசு: தசையில் தயாராக இருக்கும் ஏடிபி. முழு வேகத்தில் ஓடினால் இது இரண்டு மூன்று வினாடிக்குத்தான் காணும்.

2. உண்டியல்: இதன் பெயர் கிரியேட்டின் பாஸ்பேட். செலவான ஏடிபியை நொடியில் திருப்பிக் கொடுக்கும். ஆக்சிஜன் வரும் வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் சின்ன உண்டியல். முழு வேகத்தில் பத்து வினாடிக்குள் பெரும்பாலும் காலியாகிவிடும்.

3. கைமாற்று: தசையில் சேர்த்து வைத்த கிளைக்கோஜனை ஆக்சிஜன் இல்லாமலே உடைத்து ஏடிபி எடுப்பது. இதுதான் காற்றில்லா சுவாசம். அவசரத்துக்கு உதவும். ஆனால் ஒரு குளுக்கோஸுக்கு 2 அல்லது 3 ஏடிபிதான் லாபம். தசைக்குள் அமிலத்தன்மையும் ஏறும்.

4. கூலி: மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஆக்சிஜனோடு நடக்கும் காற்று சுவாசம். ஒரு குளுக்கோஸிலிருந்து 30-க்கும் மேல் ஏடிபி கிடைக்கும். ஆனால் மெதுவாகத்தான் வரும். வேலை செய்த உடனே கைக்கு வராது.

100 மீட்டர் ஒரே ஓட்டம் என்றால் முதல் மூன்றை வைத்துச் சமாளித்துவிடலாம். ஆனால் 30 வினாடி கழித்து மறுபடி ஓடணும் என்றால்? காலியான உண்டியலை யார் நிரப்புவது?

இங்கேதான் எனக்கு ஆச்சரியம். உண்டியல் கைமாற்றால் நிரம்புவதில்லை. கூலியால்தான் நிரம்பும். அதாவது, ஓடும்போது ஆக்சிஜன் தேவைப்படாத அந்தக் கிரியேட்டின் பாஸ்பேட், மறுபடி உருவாகும்போது ஆக்சிஜன் கேட்கிறது. காலில் பட்டை கட்டி இரத்த ஓட்டத்தை நிறுத்தி ஆராய்ச்சி செய்து பார்த்திருக்கிறார்கள். பட்டையை அவிழ்க்கும் வரை அது மறுபடி உருவாகவே இல்லையாம். இரத்தம் ஓட விட்டால் அரை நிமிடத்தில் பாதி அளவுக்கு நிரம்பும். முழுசாக நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும்.

ஆகவே 30 வினாடி ஓய்வு என்றால் பாதி உண்டியலோடுதான் அடுத்த ஓட்டம் தொடங்குகிறது. ஓடி முடித்ததும் நாய் மாதிரி மூச்சு வாங்குகிறோமே, அது வீண் மூச்சு இல்லை. உண்டியலை நிரப்புகிற மூச்சும் அதில் இருக்கிறது. இங்கிலாந்தின் ஏ.வி.ஹில் என்ற விஞ்ஞானி இதற்கு ‘ஆக்சிஜன் கடன்’ என்று பெயர் வைத்தார். தசையைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றவர். அவரும் ஓட்டக்காரர்தான்! தன்னையே ஓடவிட்டு அளந்து பார்த்தவர்.

பத்தாவது தடவையில் என்ன நடக்கிறது?

1993-இல் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 8 பேரைச் சோதனைக்கூட சைக்கிளில் 6 வினாடி முழு வேகத்தில் மிதிக்கச் சொன்னார்கள். 30 வினாடி ஓய்வு. இப்படிப் பத்துத் தடவை. தசையில் ஊசியால் துளி சதை எடுத்தும் பார்த்தார்கள்.

முதல் தடவையில் ஆக்சிஜன் இல்லாமல் கிடைத்த ஆற்றலில் பாதி உண்டியலிலிருந்து வந்தது. 44 சதவீதம் கைமாற்றிலிருந்து வந்தது. பத்தாவது தடவையில் கைமாற்று 16 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. கடன் கொடுத்தவர் கதவைச் சாத்திவிட்ட மாதிரி! ஆனாலும் அவர்களின் மிதிக்கும் திறன் முதல் தடவையில் இருந்ததில் 73 சதவீதம் இருந்தது. மீதி எங்கிருந்து வந்தது? உண்டியலிலிருந்தும் ஆக்சிஜனிலிருந்தும். ஆக்சிஜன் என்றால் கூலி.

முதல் ஓட்டம் இருப்பை வைத்து ஓடுவது. ஆறாவது ஓட்டம் மூச்சையும் இரத்தத்தையும் வைத்து ஓடுவது. என் தோழி ஏன் முந்தினாள் என்பதற்குப் பாதி பதில் இதுதான்.

லாக்டிக் அமிலத்தைத் திட்டாதீங்க

மறுநாள் தொடை வலித்தால் “லாக்டிக் அமிலம் தேங்கிப்போச்சு” என்று சொல்வோம். நானும் பரீட்சையில் அப்படித்தான் எழுதினேன். ஆனால் ஓடி முடித்த சுமார் ஒரு மணி நேரத்தில் அது பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. வீணாகவும் போவதில்லை. இதயமும் மற்ற தசைகளும் அதையே எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. மறுநாள், அதற்கு மறுநாள் வருகிற வலி, பழக்கமில்லாமல் ஓடியதால் தசை நார்களில் ஏற்படும் மிகச் சிறிய சேதத்தால் வருவது. ஓடும்போதே எரிகிறதே, அது தசைக்குள் சேரும் அமிலத்தன்மையாலும், உடைந்த பாஸ்பேட் சேர்வதாலும் நடப்பதில் ஒரு பகுதி.

மலைக்காற்றா? கால்நடையா?

“மலைப் பிள்ளைங்களுக்கு நுரையீரல் பெருசு, அதான் ஓடுறாங்க” என்று நம்ம வகுப்பில் சொல்கிறார்கள். நான் அதையும் விசாரித்தேன். மிக உயரமான இடத்தில் காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறைவு என்பதால் உடம்பு இரத்தச் சிவப்பணுக்களைக் கூடுதலாகச் செய்யும். அது உண்மை. கென்யா நாட்டு ஓட்டக்காரர்கள் பயிற்சி எடுக்கும் ஈட்டன் ஊர் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கு. நம்ம ஊட்டியை விட உயரம். ஆனால் நம்ம கல்வராயன் மலை பெரும்பாலும் 2,000 முதல் 3,000 அடிதான். அதாவது 600 முதல் 900 மீட்டர். இரத்தத்தை மாற்றுகிற அளவு உயரம் இல்லை.

அப்புறம் எது? அவள் எட்டாவது வரை தினமும் பள்ளிக்கு ஏற்றம் இறக்கமாக நாலு கிலோமீட்டர் நடந்து போய், நாலு கிலோமீட்டர் நடந்து வந்தவள். தினமும் நீண்ட நேரம் உழைக்கும் தசையில் மைட்டோகாண்ட்ரியா கூடும். தசையைச் சுற்றி நுண்ணிய இரத்தக் குழாய்களும் கூடும். உண்டியல் சீக்கிரம் நிரம்புவது இதனால்தான். இதை அவளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, “அடிப் போடி, பஸ் வந்திருந்தா நான் பஸ்ல தான் போயிருப்பேன்” என்றாள்.

மீதிப் பாதி பதில் என் இரத்தத்தில் இருந்தது

இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கு. ஆனாலும் எழுதுகிறேன்.

போட்டி முடிந்த பிறகு பள்ளிக்கு மருத்துவக் குழு வந்தது. விரலில் குத்திப் பார்த்தார்கள். எனக்கு ஹீமோகுளோபின் 9.6. நம்ம வயசுப் பெண்களுக்குக் குறைந்தது 12 கிராம் இருக்கணும். நர்ஸ் அக்கா என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, “எப்படிப் பாப்பா நீ ஓடுற?” என்று கேட்டார்.

ஹீமோகுளோபின்தான் ஆக்சிஜனைச் சுமக்கும் வண்டி. ஒரு மூலக்கூறு நான்கு ஆக்சிஜன் மூலக்கூறுகளைச் சுமக்கும். அதைச் செய்ய இரும்பு வேண்டும். 12 இருக்க வேண்டிய இடத்தில் 9.6 என்றால் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வெள்ளிமலைக்கு ஐந்து பஸ் ஓடவேண்டிய நாளில் நாலு பஸ்தான் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்க. முதல் ஓட்டத்தில் இது தெரியாது. ஏன்னா அது இருப்பை வைத்து ஓடுவது. ஐந்தாவது, ஆறாவது ஓட்டத்தில்தான் தெரியும். அன்று என் கால் வராமல் போனதற்கு இதுவும் காரணம்.

எனக்கு மட்டுமா? 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. இரண்டு பேரில் ஒருவருக்கு மேல்! மாதவிலக்கில் ஒவ்வொரு மாதமும் இரும்பு வெளியே போகிறது. வளரும் வயசு என்பதால் தேவையும் அதிகம். குடலில் கொக்கிப்புழு இருந்தால் அதுவும் இரத்தத்தைக் குடிக்கும்.

இதற்காகத்தான் வாரம் ஒரு நாள் நமக்கு நீல நிற மாத்திரை தருகிறார்கள். அதில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கு. ஆசிரியர்கள் என்னை மன்னிக்கணும். நான் ஆறாம் வகுப்பிலிருந்தே அதைச் சாப்பிட்டது இல்லை. நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு தண்ணி குடிப்பது மாதிரி காட்டிவிட்டு, வெளியே வந்து வீசிவிடுவேன். “அது சாப்பிட்டா குழந்தை பொறக்காது”, “மலம் கறுப்பா போகும்” என்று யாரோ சொன்னதை நம்பினேன். முதலாவது வெறும் புரளி. இரண்டாவது உண்மை, ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. உடம்பு எடுத்துக்கொள்ளாத மீதி இரும்புதான் அப்படிப் போகிறது.

என் தோழி ஒரு வாரம்கூட விட்டதில்லை. ஏன் என்று கேட்டேன். அவள் அக்காவுக்கு முதல் பிரசவத்தில் இரத்தம் போதாமல் இரண்டு பாட்டில் ஏற்றினார்களாம். அன்றிலிருந்து அவள் அம்மா ஒவ்வொரு வாரமும் “மாத்திரை போட்டியா?” என்று போனில் கேட்பாராம். நான் ஒரு ஆட்டத்தில்தான் தோற்றேன் என்று அப்போதுதான் தோன்றியது.

நம்ம ஊரில் செய்யக்கூடியவை

* நீல மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீங்க. மதிய உணவுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும்.
* மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம். அது இரும்பை உடம்பில் சேரவிடாது. நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா சேர்ந்தால் இரும்பு நல்லா சேரும்.
* முருங்கைக்கீரை, கேழ்வரகு, கம்பு, பயறு வகைகள், கிடைத்தால் மீன், கறி, ஈரல் சாப்பிடணும்.
* குடற்புழு மாத்திரையையும் வீசாதீங்க.
* ஓட்டங்களுக்கு நடுவில் அரை நிமிடம்தான் ஓய்வு என்றால் நில்லுங்க, அல்லது மெதுவா நடங்க. காலையில் ஒரு போட்டி, மதியம் ஒரு போட்டி என்றால் முதல் ஓட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் மெதுவாக ஓடியும் நடந்தும் ஆறிவிட்டு, பிறகு நிழலில் உட்காருங்க. தண்ணீர், வாழைப்பழம், கொஞ்சம் சோறு அவசியம்.
* பயிற்சியில் இரண்டும் வேண்டும். வாரத்தில் சில நாள் நீண்ட நேரம் மெதுவான ஓட்டம். இரண்டு நாள் மட்டும் முழு வேகத் திரும்ப ஓட்டம். முழு வேகத்தை தினமும் ஓடினால் காயம்தான் மிச்சம்.
* படி ஏறினாலே படபடப்பு, தலைசுற்றல், உள்ளங்கை வெளுப்பு இருந்தால் டீச்சரிடம் சொல்லுங்க. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பார்ப்பார்கள். எவ்வளவு மாத்திரை என்பதை டாக்டர்தான் சொல்லணும்.

உங்களுக்குத் தெரியுமா?

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி.உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 வினாடியில் ஓடினார். நூறில் ஒரு வினாடியில் வெண்கலம் போனது. 39 வருடம் கழித்து, 2023-இல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ் அதே 55.42 வினாடியில் ஓடி அந்தத் தேசிய சாதனையைச் சமன் செய்தார். அது தகுதிச் சுற்று, அக்டோபர் 2. அதே நாளில் கலப்பு 4×400 தொடர் ஓட்டத்தில் ஓடி வெள்ளி. மறுநாள் தடை ஓட்ட இறுதியில் 55.68 வினாடி, வெண்கலம். அதற்கு மறுநாள் பெண்கள் 4×400 தொடர் ஓட்டத்தில் வெள்ளி. மூன்று நாளில் நாலு ஓட்டம், மூன்று பதக்கம்! வேகம் மட்டும் இருந்தால் இது முடியுமா? ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவில் மீண்டு வரத் தெரியணும்.

2025 ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் கோ-கோ உலகக் கோப்பையில் நம் இந்தியப் பெண்கள் அணி நேபாளத்தை 78–40 என்று வென்றது. நம்ம ஆட்டம்தான் அது!

கடைசியாக

டாக்டர் சொன்னபடி மாத்திரை சாப்பிட ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். பழையது போய் புதுசு வர நாள் எடுக்கும். போன வாரம் சோதனையை மறுபடி ஓடினேன். ஆறாவது ஓட்டம் 10.9. தோழியை இன்னும் முந்தவில்லை. முந்தினால் இதே சுவரில் எழுதுகிறேன்.

இந்த இதழ் ஒட்டியிருக்கும் சுவருக்குப் பின்பக்கம் போய்ப் பாருங்க. மழையில் கரைந்த நீல மாத்திரைகள் கிடக்கும். அதில் பல என்னுடையவை. எல்லாமே என்னுடையவை இல்லை என்பதும் எனக்குத் தெரியும். யாருடையவை என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்த மாத்திரை நாளில் மதியம் சாப்பிட்ட பிறகு வேப்ப மரத்தடியில் நானும் என் தோழியும் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருப்போம். வர நினைப்பவர்கள் வாங்க, சேர்ந்தே போடலாம்.

இன்னொரு வேண்டுகோள். இனிமேல் மைதானத்தில் யாராவது ஆறாவது ஓட்டத்தில் பின்தங்கினால் “நடிக்கிறா” என்று கத்தாதீங்க. பக்கத்தில் போய், “சாப்பிட்டியா?” என்று கேளுங்க.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி